மூசி நதிக்கரையின் கவிக்குயில் - ஸ்ரீமதி சரோஜினி நாயுடு



ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 13-ஆம் தேதியை தேசிய மகளிர் தினமாகக் கொண்டாடுகிறோம். அது ஸ்ரீமதி சரோஜினி நாயுடு பிறந்த நாள் என்பது பலருக்குத் தெரியும். காங்கிரஸ் தலைவர், உப்பு சத்தியாக்கிரக வீராங்கனை, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் கவர்னர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த ஊரின் ஆற்றையும் ஏரியையும் மரங்களையும் தெருக்களையும் கவிதையாகப் பதிவு செய்து வைத்தவர் என்ற கோணத்தில் அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வங்கி உத்தியோகம் காரணமாக 1971-ல் செகந்தராபாத் வந்து, பணி ஓய்வுக்குப் பிறகும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். இந்த ஊரில் இருந்துகொண்டு அவருடைய கவிதைகளைப் படிப்பது ஒரு தனி அனுபவம். அதை வெளியூர் அன்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

பிறப்பும் இளமையும்

சரோஜினி 1879-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை டாக்டர் அகோரநாத் சட்டோபாத்யாயர், கிழக்கு வங்காளத்தில் பிக்ரம்பூர் பகுதியைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தவர். ஸ்காட்லாந்தில் எடின்பரோ சென்று விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். நிஜாம் சமஸ்தானத்துக்கு வந்து ஆங்கிலக் கல்வியைப் பரப்பினார். அவர் பாடுபட்டு வளர்த்த கல்லூரிதான் பின்னால் நிஜாம் காலேஜ் ஆயிற்று. தாயார் வரதசுந்தரி தேவி வங்காளியில் பாட்டு எழுதக் கூடியவர். எட்டுக் குழந்தைகளில் சரோஜினி மூத்தவர். தம்பிகளில் வீரேந்திரநாத் ஐரோப்பாவில் இருந்து புரட்சி செய்தவர். ஹரீந்திரநாத் கவிஞராகவும் நடிகராகவும் பெயர் பெற்றவர்.

குழந்தை சரோஜினிக்கு இங்கிலீஷ் பேசவே பிடிக்காதாம். ஒன்பது வயதில், இங்கிலீஷ் பேச மறுத்ததற்காகத் தந்தை அவரை ஒரு அறையில் போட்டுப் பூட்டினார். அன்று வெளியே வந்தபோது சரளமாக இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தார். ஆனாலும் தாயார் கடைசி வரை ஹிந்துஸ்தானியில்தான் பதில் சொல்லி வந்தார். வங்காளி, உருது, தெலுங்கு, பாரசீகம், இங்கிலீஷ் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்த வீடு அது. தந்தைக்கு மகளைக் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ ஆக்க வேண்டும் என்று ஆசை. மகளுக்கோ ஒரு நாள் அல்ஜீப்ரா கணக்கு சரியாக வராமல் உட்கார்ந்திருந்தபோது கணக்குக்குப் பதில் கவிதை வந்தது. அப்போது வயது பதினொன்று. அடுத்த ஆண்டே, பன்னிரண்டு வயதில், சென்னை சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறி இந்தியா முழுவதும் பேசப்பட்டார்.

சீமையில் கிடைத்த புத்திமதி

நிஜாம் மஹபூப் அலி கான் உதவித்தொகை கொடுத்து, 1895-ல் சரோஜினியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். லண்டன் கிங்ஸ் காலேஜிலும் கேம்பிரிட்ஜில் கர்ட்டன் காலேஜிலும் படித்தார். அங்கே எட்மண்ட் காஸ் என்ற பெரிய விமரிசகரிடம் தம் கவிதைகளைக் காட்டினார். காஸ் படித்துப் பார்த்தார். யாப்பு சுத்தம், பாஷை சுத்தம். ஆனால் அத்தனையும் இங்கிலீஷ் கவிஞர்களின் எதிரொலி. இங்கிலாந்துப் பறவைகள், இங்கிலாந்துப் பூக்கள், மாதாகோயில் மணிகள் என்று இருந்தன. தக்காணத்தில் வளர்ந்த பெண், கண்ணால் பார்த்தே இராத வானம்பாடிகளைப் பாடிக்கொண்டிருந்தாள்.

காஸ் அவரிடம் சொன்னது இதுதான். இவற்றையெல்லாம் தூக்கிப் போட்டுவிடு. உன் ஊரின் மலை, தோட்டம், கோயில், ஜனங்கள், பூக்கள் இவற்றை எழுது. இங்கிலீஷ் வேஷம் போட்ட கவிதை எங்களுக்கு வேண்டாம் என்றார். பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சரோஜினி அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

தமிழ் படித்த நமக்கு இந்தப் புத்திமதி புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பிரித்து, இந்த நிலத்துக்கு இந்தப் பூ, இந்தப் பறவை, இந்தத் தொழில், இந்த மனநிலை என்று இலக்கணமே வகுத்துக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். நிலம் இல்லாமல் கவிதை இல்லை என்பது சங்க காலத்திலேயே நமக்குத் தெரிந்த விஷயம். ஹைதராபாத் பெண்ணுக்கு அதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார் என்பதுதான் வேடிக்கை.

கோல்டன் த்ரெஷோல்ட்

1898-ல் தாய்நாடு திரும்பிய சரோஜினி, அதே ஆண்டு டிசம்பரில் டாக்டர் முத்யால கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தார். விவாஹம் நடந்தது சென்னையில். நடத்தி வைத்தவர் தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. அந்நாளில் ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பெற்றோர் சம்மதித்தார்கள். தம்பதிகளுக்கு ஜெயசூர்யா, பத்மஜா, ரணதீரா, லீலாமணி என்று நான்கு குழந்தைகள்.

1905-ல் லண்டனில் அவருடைய முதல் கவிதைத் தொகுதி 'தி கோல்டன் த்ரெஷோல்ட்' வெளியாயிற்று. 'பொன் வாசற்படி' என்று தமிழில் சொல்லலாம். புத்தகத்தை எட்மண்ட் காஸுக்கே சமர்ப்பணம் செய்தார். ஹைதராபாத் நாம்பள்ளியில் உள்ள அவருடைய வீட்டுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. 1974-ல் ஹைதராபாத் மத்திய சர்வகலாசாலை ஆரம்பமானதும் அந்த வீட்டில்தான்.

அந்தத் தொகுதியில் பல்லக்குத் தூக்கிகள், நெசவாளர்கள், மாவு அரைக்கும் பெண்கள், அறுவடை செய்யும் விவசாயிகள் எல்லோரும் வருகிறார்கள். நம் சோழமண்டலக் கடற்கரை மீனவர்களுக்கும் ஒரு பாட்டு உண்டு. தெருவில் கூவி விற்பவர்களின் குரல்களைக் காலை, பகல், இரவு என்று பிரித்து ஒரு கவிதை. கோல்கொண்டா மன்னர்களின் சமாதிகளைப் பற்றி ஒன்று. இவற்றுக்கிடையே 'நைட்ஃபால் இன் த சிட்டி ஆஃப் ஹைதராபாத்' என்று ஒரு கவிதை. நகர வாசலை ஒட்டி வளைந்தோடிப் பளபளக்கும் ஆறு, சந்துகளில் மணி ஒலிக்க நடக்கும் யானைகள், சார்மினாரைச் சுற்றி எழும் ஆரவாரம், ஆற்றுப்பாலத்தைக் கடந்து ஊருக்குள் வரும் இரவு என்று ஒரு சாயங்காலத்தை அப்படியே எழுதி வைத்தார்.

அந்த ஆறுதான் மூசி. கவிதை அச்சாகி மூன்று ஆண்டுகளில், இரவு மட்டுமல்ல, ஆறே ஊருக்குள் வந்தது.

1908 பிரளயம்

1908 செப்டம்பர் 28-ஆம் தேதி ஹைதராபாத்தில் மூசி கரை புரண்டது. அதைப் போன்ற வெள்ளம் இந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. சுமார் 15,000 பேர் உயிரிழந்ததாகச் சொல்லப்படுகிறது. ஆற்றின் மேல் இருந்த அஃப்ஸல் பாலம், முஸல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் மூன்றும் அடித்துச் செல்லப்பட்டன. 1578-ல் கட்டிய புரானா புல் என்ற பழைய பாலம் மட்டும் காயங்களோடு நின்றது. இன்று உஸ்மானியா ஆஸ்பத்திரி இருக்கும் வளாகத்தில் ஒரு புளியமரம் உண்டு. அன்று அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். ஊருக்கு வருகிறவர்களுக்கு அதை நான் காட்டுவதுண்டு.

அம்ஜத் ஹைதராபாதி என்ற உருதுக் கவிஞர் இந்த வெள்ளத்தில் தம் தாய், மனைவி, மகள் மூவரையும் பறிகொடுத்தார். தாம் மட்டும் பிழைத்தார். அந்த வேதனையை அவர் கவிதையாக எழுதினார். பின்னால் நான்கடிச் செய்யுளான ருபாயியில் ஈடு இணையற்றவர் என்று பெயர் வாங்கினார்.

சரோஜினிக்கு அப்போது வயது 29. உடல்நிலை எப்போதுமே அவ்வளவு திடமில்லை. வீட்டில் நான்கு சின்னக் குழந்தைகள். இருந்தும் நிவாரண வேலையில் இறங்கினார். வீடிழந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவி திரட்டினார். இந்தத் தொண்டுக்காக ஆங்கில அரசாங்கம் அவருக்கு 'கைசர்-இ-ஹிந்த்' பதக்கம் அளித்தது. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு அந்தப் பதக்கத்தை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வெள்ளம் ஏன் வந்தது? அதைக் கண்டுபிடிக்க நிஜாம் அழைத்தவர் நம் எல்லோருக்கும் தெரிந்த மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. பம்பாய் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து விலகி வெளிநாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தவர் 1909-ல் இங்கே வந்தார். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்ததாகவும், அவற்றில் 221 ஏரிகள் பெருமழையில் உடைந்ததாகவும் கணக்கெடுத்தார். மேலே ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள ஏரியை உடைக்கும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து எல்லாம் சேர்ந்து நகரத்தின் மேல் பாய்ந்தது. நகரத்துக்கு மேலே இரண்டு பெரிய அணைகள் கட்டி வெள்ளத்தைத் தேக்க வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். அதன்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் (1920), அதன் கிளை நதியான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் (1927) எழுந்தன. 1912-ல் நகர அபிவிருத்திச் சபை அமைந்தது. ஹைகோர்ட், உஸ்மானியா ஆஸ்பத்திரி, சிட்டி காலேஜ் எல்லாம் பிறகு ஆற்றங்கரையில் வந்தவை. இன்று நாம் பார்க்கும் ஹைதராபாத்தின் முகம் அந்த வெள்ளத்துக்குப் பிறகு உருவானது. சரோஜினியின் 1905 கவிதையில் இருப்பது அதற்கு முந்தைய முகம். மூன்று பாலங்களை ஆறு கொண்டுபோன பிறகும் கவிதையில் அந்தச் சாயங்காலம் மிஞ்சியது.

ஏரியும் பூக்களும்

1912-ல் 'தி பர்ட் ஆஃப் டைம்' என்ற இரண்டாவது தொகுதி காஸின் முன்னுரையோடு வந்தது. இதில் நகரத்துக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. கடைவீதியில் என்னென்ன விற்றார்கள் என்று வியாபாரிகளிடம் கேட்டுக்கொண்டே போகும் பிரபலமான பாட்டு அதில்தான் இருக்கிறது. ஹுஸேன் சாகர் ஏரியை நேரே விளித்துப் பாடிய கவிதையும் இந்தத் தொகுதியில் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் குதுப்ஷாஹி மன்னர் இப்ராஹிம் காலத்தில் வெட்டிய ஏரி அது. ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. இப்போது நடுவில் புத்தர் சிலையோடு சுற்றுலாத் தலமாக இருக்கிறது. அதன் தண்ணீரைக் குடிக்க இன்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

பூக்களுக்கும் தனித்தனிப் பாட்டுகள் எழுதினார். நம் வீட்டு விஷுவுக்கு வைக்கும் சரக்கொன்றைக்கு ஒன்று, சண்பகத்துக்கு ஒன்று, குல்மொஹருக்கு ஒன்று. இதில் ஒரு சுவாரஸ்யம். சரக்கொன்றையும் சண்பகமும் நம் மண்ணின் மரங்கள். குல்மொஹரோ ஆப்பிரிக்காவுக்கு அருகே உள்ள மடகாஸ்கர் தீவிலிருந்து கப்பலேறி வந்தது. கோடையில் தெருவெல்லாம் சிவப்பாகப் பூத்து நிற்கும் அந்த மரத்தை நாம் ஆதிகாலத்திலிருந்து இங்கே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். நிலம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. எதை நாம் வரவேற்கிறோம், எதை இழக்கிறோம் என்று கவனித்து எழுதி வைக்க ஒருவர் வேண்டும்.

பின்னால் வந்த விமரிசகர்கள் சரோஜினியின் கவிதை வெறும் சர்க்கரைப் பாகு, வளையலும் மல்லிகையும்தான் இருக்கின்றன, ஜனங்களின் கஷ்டம் இல்லை என்றார்கள். அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. வெள்ளத்தில் சேற்றில் இறங்கி வேலை செய்தவரின் அச்சிட்ட தொகுதிகளில் ஆறும் ஏரியும் அழகாகத்தான் தெரிகின்றன. ஆனால் அவர் பூவுக்குப் பூவின் பெயரையும், தெருவுக்குத் தெருவின் ஓசையையும் சொல்லிவிட்டுப் போனார். அழகு என்று அவர் எழுதியவற்றில் எத்தனை மிச்சம் என்று இன்று நாம் சரி பார்க்க முடிகிறது. அம்ஜத் ஆற்றின் கோபத்தைச் சொன்னார். சரோஜினி அதன் சாந்தத்தைச் சொன்னார். ஒரு ஊருக்கு இரண்டு சாட்சியும் வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

தேச சேவை

1917-ல் 'தி ப்ரோக்கன் விங்' வந்தது. அவர் வாழ்நாளில் வெளியான கடைசிப் புதிய தொகுதி அதுதான். அதற்குள் கோகலேயின் ஊக்கத்தாலும், 1914-ல் லண்டனில் காந்திஜியைச் சந்தித்ததாலும் முழு வாழ்க்கையும் தேசத்துக்கென்று ஆகிவிட்டது. 1925-ல் கான்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். அந்தப் பதவியை வகித்த முதல் இந்தியப் பெண்மணி அவரே. 1930-ல் தராசனா உப்பளத்தில் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். 1942-ல் காந்திஜியோடு பூனா ஆகாகான் மாளிகையில் காவலில் இருந்தார். 1947 ஆகஸ்ட் 15 முதல் ஐக்கிய மாகாண கவர்னர். பதவியில் இருக்கும்போதே 1949 மார்ச் 2-ஆம் தேதி லக்னோவில் காலமானார். மூசிக்கரையில் பிறந்தவருக்கு அந்திமக் கிரியை கோமதிக்கரையில் நடந்தது. அவர் விட்டுச் சென்ற கவிதைகளை மகள் பத்மஜா தொகுத்து 1961-ல் 'தி ஃபெதர் ஆஃப் தி டான்' என்று வெளியிட்டார்.

இன்று

இந்த ஊரில் மாஸப் டாங்க் என்று ஒரு இடம் இருக்கிறது. மா சாஹிபா தாலாப் என்ற ஏரியின் பெயர் மருவி வந்தது அது. பஸ் ஸ்டாப் இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, ஏரிதான் இல்லை. சென்னை அன்பர்களுக்கு இது தெரிந்த கதை. மாம்பலம் பெரிய ஏரிப் பக்கம் தியாகராய நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் வந்தது. பெங்களூரில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரியில் நிற்கிறது.

2000 ஆகஸ்ட் 24 அன்று ஹைதராபாத்தில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2020 அக்டோபர் மழையில் குர்ரம் செருவு போன்ற ஏரிகள் உடைந்து காலனிகள் மூழ்கின. விஸ்வேஸ்வரய்யா எழுதிய அதே காரணம்தான். அந்த அக்டோபரில் எங்கள் குடியிருப்பில் 'செல்லார்' என்று இங்கே சொல்லும் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் மாடியில் இருந்த எண்பது வயது மாமியை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு இளைஞர்கள் இறக்கினார்கள். எங்கள் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு நீரோடை இருந்தது என்பதைப் பக்கத்து பஸ்தியில் இருக்கும் வயதான சலவைத் தொழிலாளி ஒருவர்தான் பிறகு சொன்னார். எந்த விற்பனைப் பத்திரத்திலும் அந்த ஓடை இல்லை.

உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகரைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பெரிய கட்டடங்கள் கூடாது என்று 1996-ல் அரசாணை எண் 111 வந்தது. 2022-ல் அந்தக் கட்டுப்பாடுகளை விலக்க அரசு முன்வந்தபோது பெரும் விவாதம் எழுந்தது. 2025 செப்டம்பர் கடைசியில், 1908 வெள்ளம் வந்த அதே நாட்களை ஒட்டி, இரண்டு அணைகளிலிருந்தும் திறந்துவிட்ட தண்ணீர் மகாத்மா காந்தி பஸ் நிலையத்துக்குள் புகுந்தது. அந்த நிலையம் மூசியின் நடுவே கட்டப்பட்டது. நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும் தன் பழைய வழியை ஆறு மறக்கவில்லை. மறந்தவர்கள் நாம்தான்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பம்பாய், டில்லி, கல்கத்தா, பெங்களூர், சென்னை, கோவை என்று பல ஊர்களில் நம் அங்கத்தினர்கள் இருக்கிறீர்கள். கவிதை எழுத வரவில்லை என்றால் பாதகமில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகில் இருந்த குளம், ஓடை, கிணறு, பெரிய மரம் இவற்றின் பெயரையும் இருந்த இடத்தையும் வயதானவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஹைதராபாத் வரும்போது சார்மினாரையும் சாலார்ஜங் மியூசியத்தையும் பார்த்த கையோடு, உஸ்மானியா ஆஸ்பத்திரிப் புளியமரத்தையும் பாருங்கள். சரோஜினி அம்மையாரின் கவிதைப் புத்தகம் ஒன்றும் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் வந்தால் மூசியில் தண்ணீரும் இருக்கும்.